கதவு மூடும் வரை சம்பளம் இல்லை

நம்ம ஊர் பேருந்து நடத்துநருக்கு இப்படி ஒரு விதி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சக்கரம் உருளும் நேரத்துக்கு மட்டும்தான் சம்பளம். பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுவது, மூட்டைக்கு இடம் பிடித்துக் கொடுப்பது, சீட்டுச் சண்டையைத் தீர்ப்பது, அடுத்த டிரிப்புக்காகக் காத்திருப்பது எதுவும் கணக்கில் வராது. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் விமானக் கேபின் பணியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாக இதுதான் நடைமுறை. ('பணிப்பெண்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆண்களும் நிறைய இருக்கிறார்கள், அதனால் 'கேபின் பணியாளர்' என்றே எழுதுகிறேன்.)

இந்தக் கணக்குக்கு 'பிளாக் டைம்' என்று பெயர். நிற்கும் விமானத்தின் சக்கரத்தடியில் வைக்கிற கட்டைதான் பிளாக். கட்டையை எடுத்து விமானம் நகர்ந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பக் கட்டை வைத்ததும் நின்றுவிடும். முழுநேர வேலை என்றால் மாதத்துக்குச் சுமார் 75, 80 மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "வாரத்துக்கு இருபது மணி நேர வேலையா, கொடுத்து வைத்தவர்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த இருபது கட்டை எடுத்த பிறகான இருபது. அதற்கு வெளியே இன்னொரு மடங்கோ அதற்கு மேலோ இருக்கிறது.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தலா ஒரு மணி நேரத்தில் நான்கு குட்டிப் பயணங்கள். காலையில் ரிப்போர்ட் செய்ததிலிருந்து ராத்திரி வெளியே வரும்வரை பத்து மணி நேரம் யூனிபார்மில். சம்பளக் கணக்கில் நான்கு மணி நேரம். பல ஒப்பந்தங்களில் 'ரிக்' என்று ஒரு பாதுகாப்பு விதி இருக்கும்: பணியில் இருக்கிற ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்தது ஒரு மணி நேரச் சம்பளம். அப்போது நான்கு, ஐந்தாகும். மீதி ஐந்து?

அந்த மீதியில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். தீயணைப்பான், ஆக்ஸிஜன், அவசர வழிச் சறுக்கு ஆகியவற்றைச் சரிபார்ப்பது, பெட்டி தூக்கி வைக்க உதவுவது, குடித்துவிட்டு ஏறுகிறவரைக் கவனிப்பது, சக்கர நாற்காலியில் வருபவரை உட்கார வைப்பது எல்லாம் கதவு மூடுவதற்கு முன்னால் நடப்பவை. அமெரிக்க விதிப்படி 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் கேபின் பணியாளர் இருந்தாக வேண்டும். பயணிகள் ஏறும்போதும் அவர்கள் உள்ளே இருக்க வேண்டும். அதாவது அவர்கள் அங்கே இருப்பது சட்டப்படி கட்டாயம், சம்பளப்படி பூஜ்யம்.

கம்பெனிகள் சொல்லும் பதில் இது: மணி நேர விகிதத்தை நிர்ணயிக்கும்போதே தரை வேலையையும் சேர்த்துத்தான் நிர்ணயிக்கிறோம், 80 மணி நேரத்தில் ஒரு மாதச் சம்பளம் வருவது அதனால்தான். இதில் பாதி நியாயம் உண்டு, மறுக்கவில்லை. பைலட்டுகளுக்கும் அடிப்படையில் இதே கணக்குதான். ஆனால் மறு பாதி ஒரு மென்பொருள்காரனின் கண்ணுக்கு உடனே தெரியும்.

எந்தப் பணியாளர் எந்த விமானத்தில் என்பதை இன்று தீர்மானிப்பது ஒரு ஆப்டிமைசேஷன் மென்பொருள். லட்சக்கணக்கான சாத்தியங்களில் மொத்தச் செலவு குறைவாக வருவதை அது தேர்ந்தெடுக்கும். செலவுச் சூத்திரத்தில் ஒரு விஷயத்தின் விலை பூஜ்யம் என்றால் அதை எவ்வளவு வேண்டுமானாலும் வீணடிக்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி. இரண்டு விமானங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் ஒருவரைச் சும்மா உட்கார வைப்பதற்குச் செலவே இல்லையென்றால் அவர் உட்கார்ந்துதான் இருப்பார். கேட்டில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்தத் தாமதத்தின் ஒரு பங்கைப் பணியாளரின் பையிலிருந்து எடுக்கிறோம். மணி நேர விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தக் கோளாறு போகாது, ஏனென்றால் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது. தொழிற்சங்கத்தின் வேலை இங்கே அந்த நேரத்துக்கு ஒரு விலையைப் போட வைப்பது. 50 சதவீதம் கிடைத்தால்கூட மென்பொருள் வேறு மாதிரி அட்டவணை போடும்.

விலை போட வைப்பது லேசில்லை. அமெரிக்காவில் இந்தத் துறையின் முதல் சங்கம் 1945-ல் யுனைடெட் நிறுவனத்தில் வந்தது. ஏடா பிரவுன் என்பவர் முன்னின்று ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே முதல் ஒப்பந்தம். மாதப் பறக்கும் நேரத்துக்கு உச்சவரம்பு அதில் வந்தது. 1947-ல் அவருக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணமானவர்கள் வேலையில் இருக்கக்கூடாது என்பது விதி, வேலை போனது. சங்கம் நிலைத்தது. அதன் வழிவந்ததுதான் இன்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உறுப்பினராக இருக்கும் அசோசியேஷன் ஆஃப் ஃப்ளைட் அட்டெண்டன்ட்ஸ்.

ஆனால் வேலைநிறுத்தம் செய்ய இவர்களை விடாத ஒரு சட்டம் உண்டு. ரயில் தொழிலாளருக்காக 1926-ல் வந்த ரயில்வே லேபர் சட்டம், 1936-ல் விமானத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் காலாவதியே ஆகாது, 'திருத்தத்தக்கது' மட்டும் ஆகும். பேச்சுவார்த்தை முறிந்ததாக மத்தியஸ்த வாரியம் அறிவித்து விடுவிக்க வேண்டும், அதற்குப் பிறகு 30 நாள் ஆற வேண்டும். வாரியம் விடுவிக்காவிட்டால் வருடக்கணக்கில் பழைய சம்பளத்திலேயே ஓடும்.

அத்தனையும் தாண்டி வேலைநிறுத்தத்தில் இறங்கினாலும் ஆபத்து. 1986-ல் டிடபிள்யூஏ பணியாளர்கள் இறங்கினார்கள். கம்பெனி புது ஆட்களை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. வேலைநிறுத்தம் முடிந்து திரும்பிய சீனியர்களுக்காகப் புதியவர்களையோ நடுவில் போய்ச் சேர்ந்த ஜூனியர்களையோ வெளியேற்றத் தேவையில்லை என்று 1989-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதைப் பார்த்துத்தான் சங்கம் 'கேயாஸ்' என்ற உத்தியை உருவாக்கியது. எல்லோரும் வெளியே வர வேண்டாம். எந்த விமானம், எந்த ஊர், எந்த நேரம் என்று சொல்லாமல் ஒன்றிரண்டு விமானங்களை மட்டும் நிறுத்துவது. 1993-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸில் இதைச் செய்தார்கள். மொத்தம் நிறுத்தியது ஏழே விமானங்கள், அதில் ஈடுபட்டவர்கள் 24 பேர். ஆனால் நாளைக்கு எது நிற்கும் என்று தெரியாததால் கம்பெனி எல்லா இடத்திலும் மாற்று ஆட்களோடு காத்திருக்க வேண்டியிருந்தது, பயணிகள் வேறு கம்பெனிக்குப் போனார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது, இப்படி விட்டுவிட்டுச் செய்வது சட்டப்படி சரிதான் என்றே தீர்ப்பு வந்தது. 1994-ல் ஒப்பந்தம் ஆனது. எங்கள் துறையில் நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் 'கேயாஸ் மங்கி' என்று சர்வர்களைக் கண்டபடி அணைத்துப் பார்க்கும் கருவி செய்தார்கள் அல்லவா, அதற்குப் பல வருடம் முன்பே இவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எது எப்போது விழும் என்று தெரியாத அமைப்பை ஓட்டுவது எவ்வளவு செலவு என்று ஆபரேஷன்ஸ் வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஏறும் நேரத்துக்கான சம்பளம் முதலில் பெரிய கம்பெனி ஒன்றில் வந்த கதை இன்னும் வேடிக்கை. 2022 ஜூனில் டெல்டா, பயணிகள் ஏறும் நேரத்துக்கு மணி விகிதத்தில் பாதியைக் கொடுக்க ஆரம்பித்தது. டெல்டாவின் கேபின் பணியாளர்களுக்குச் சங்கமே கிடையாது! ஆனால் அங்கே சங்கம் அமைக்க மேற்சொன்ன அசோசியேஷன் அப்போது தீவிரமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. "எங்களால்தான் வந்தது" என்றது சங்கம். நிரூபிக்க முடியாது, ஆனால் சங்கம் வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் தாராளம் கூடுவது புதிதல்ல. பிறகு 2024-ல் அமெரிக்கன், 2025-ல் அலாஸ்கா ஒப்பந்தங்களிலும் அது வந்தது. யுனைடெட்டில் ஏறும் நேரச் சம்பளம் சேர்த்த வரைவு ஒப்பந்தத்தையே 2025 ஜூலையில் 71 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். நடுவில் காத்திருக்கும் நேரமும் அவர்களுடைய மனக்குறைகளில் ஒன்று.

பெரிய மோதல் நடந்தது கனடாவில். அங்கே சட்டம் வேறு. ஏர் கனடாவின் பத்தாயிரம் பணியாளர்கள் கியூப் சங்கத்தில் இருக்கிறார்கள். பத்து வருட ஒப்பந்தம் 2025 மார்ச்சில் முடிந்தது. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக 99.7 சதவீத வாக்கு. ஆகஸ்ட் 16 அதிகாலை இறங்கினார்கள், 1985-க்குப் பிறகு முதல் முறை. பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, தொழிலாளர் சட்டத்தின் 107-ஆம் பிரிவைப் பிடித்து அரசு தலையிட்டது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்குள் வேலைக்குத் திரும்பச் சொல்லி வாரியத்தின் உத்தரவு வந்தது. முந்தின வருடம் ரயில், துறைமுகம், தபால் தொழிலாளர்கள் மேலும் இதே பிரிவுதான் பாய்ந்தது, அவர்கள் திரும்பிவிட்டார்கள். இவர்கள் திரும்பவில்லை. சங்கத்தின் தேசியத் தலைவர் மார்க் ஹான்காக் உத்தரவுக் காகிதத்தைக் கூட்டத்தின் முன் கிழித்தார், சிறைக்குப் போகவும் தயார் என்றார். 18-ஆம் தேதி வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று வாரியம் அறிவித்தது. 19-ஆம் தேதி ஒப்பந்தம்.

தரை வேலைக்குச் சம்பளம் என்ற பேச்சு அதற்கு முன்பே மேஜையில் இருந்தது. பாதி விகிதம் தருகிறேன் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. கடைசியில் கிடைத்ததும் பாதியில்தான் தொடங்குகிறது: சின்ன விமானத்துக்கு 60 நிமிடம், பெரியதற்கு 70 நிமிடம், ஆண்டுதோறும் விகிதம் கூடும். மூன்று நாள் போராட்டத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் சம்பளப் பகுதி — ஜூனியர்களுக்கு முதல் வருடம் 12 சதவீதம், மற்றவர்களுக்கு 8 — வாக்கெடுப்புக்கு வந்தபோது 99.1 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மறுபடி வேலைநிறுத்தம் கிடையாது என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்ததால் அந்தப் பகுதி மட்டும் மத்தியஸ்தத்துக்குப் போனது. கதவு மூடுவதற்கு முன்னால் இருக்கும் 60 நிமிடத்துக்கு விலை போட்ட பகுதி அந்த வாக்கெடுப்பில் இல்லை. அது அப்படியே நிற்கிறது.