போனில் கேட்டால் பழவேற்காட்டின் பிரஷர் தெரிந்துவிடுமா?

பழவேற்காடு மீனவ கிராமங்களில் எத்தனை பேருக்கு பிரஷர் இருக்கு? வீடு வீடாகப் போய்க் கேட்க நாளாகும். அந்த ஏரியாவில் இருக்கும் செல்போன்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கூப்பிட்டுக் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே! ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனால், யார் விட்டுப்போகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

போன் இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

முதல் வழி, எண். செல்போன் எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்து, அது எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்தில் கொடுக்கப்பட்டது என்று சொல்லலாம். ஆனால், அது மாநில அளவுக்குத்தான், கிராமம் தெரியாது. 2015 ஜூலையில் இருந்து நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே வட்டம் மாறலாம் என்பதால், அதுவும் உறுதியில்லை.

இரண்டாவது, டவர். கிராமப்புறத்தில் ஒரு டவர் சில கிலோமீட்டர் தூரத்துக்கு சிக்னல் கொடுக்கும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. எல்லைப் பக்கம் போகும் படகில் உள்ள போன், அக்கரை டவரைப் பிடித்தாலும் பிடிக்கும்.

மூன்றாவது, ஜிபிஎஸ். இது துல்லியமானது. ஆனால், ஸ்மார்ட்போன் வேண்டும், லொகேஷன் ஆன் செய்திருக்க வேண்டும்.

யார் விட்டுப்போவார்கள்?

விடியும் முன்பே வலையோடு கிளம்புகிறவர் பகலில் போனை எடுப்பது கஷ்டம். தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 54 சதவீதம் பேரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருந்தது. வீட்டுக்கு ஒரே போன் என்றால், எடுத்துப் பேசுகிறவர் யார்?

நிறைய பேரைக் கேட்டால் சரியாகிடாதா?

ஆகாது. அமெரிக்காவில் கொரோனா காலத்தில் ஃபேஸ்புக் வழியாக வாரத்துக்கு சுமார் 2.5 லட்சம் பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2021 மே மாதம், தடுப்பூசி போட்டவர்களின் அளவை அது 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. சுமார் 1,000 பேரிடம் மட்டும் கேட்ட இன்னொரு ஆய்வு உண்மைக்கு நெருக்கமாக வந்தது. இன்டர்நெட் இல்லாத வீடுகளுக்குக் கருவி கொடுத்து, அவர்களையும் அது சேர்த்துக்கொண்டது.

அப்போ போனே வேண்டாமா?

வேண்டும், ஆனால் முதலில் கதவைத் தட்ட வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்து கிராமங்களை எடுக்கிறது. பிறகு அங்குள்ள வீடுகளைப் பட்டியலிட்டு, குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கிறது. அப்படித் தேர்வான வீட்டிலேயே எண்ணை வாங்கி, 'யார் போன் இது, எப்போ கூப்பிடலாம்?' என்று கேட்டுக்கொள்ளலாம். அடுத்தடுத்த விசாரிப்புகளைப் போனில் முடிக்கலாம். போன் இல்லாதவரை நேரில் பார்க்கலாம்.

இன்னொன்று: உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் 'பிரஷர் இருக்கா?' என்று கேட்டால் 'இல்லைங்க' என்றுதான் சொல்வார்கள். கையில் பட்டை கட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு யாராவது ஒருவர் கரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.