கராம்பு எண்ணெயும் நொதியத்தின் கைவண்ணமும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வீட்டுத்தோட்டம் ஒன்றினுள் நுழைந்தால், பலா, தென்னை, கமுகு ஆகியவற்றின் நிழலில் கராம்பும் சாதிக்காயும் மிளகும் ஒருங்கே வளர்வதைக் காணலாம். ஒரே காணி சிறு காடாகவும் பலசரக்குக் களஞ்சியமாகவும் விளங்குகிறது. இச்செல்வங்களுள் கராம்பின் மணம் எத்தகையது, அதனை மேலும் நயமாக்குவது எவ்வாறு என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

கராம்பு என்பது மலராத மொட்டு. உலர்ந்த மொட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை எண்ணெய் உண்டு. அதன் பெரும்பகுதி யூஜினோல் என்னும் பொருளாகும். பல்வலிக்குக் கராம்பெண்ணெய் தடவியதும் காரம் உறைத்து, பின் அவ்விடம் மரத்துப்போவது இதனாலேயே. அதே எண்ணெயில் யூஜினைல் அசற்றேற்று என்னும் வேறொரு பொருளும் சிறு அளவில் உள்ளது. இது காரம் தணிந்து, கனியின் சாயல் கலந்த மென்மணம் உடையது. இது எசுத்தர் என்னும் இனத்தைச் சேர்ந்தது.

எசுத்தர் என்பது யாது? அமிலம் ஒன்றும் அற்ககோல் ஒன்றும் கூடி, நீரை வெளிவிட்டு இணைவதால் உண்டாகும் சேர்வையே எசுத்தர். வாழை, அன்னாசி முதலிய பழங்களின் வாசனையில் எசுத்தர்களுக்குப் பெரும் பங்குண்டு. பாயசத்தில் நாம் இடும் ஏலக்காயின் நறுமணத்திலும் அவ்வாறே.

1895இல் ஜேர்மனிய அறிஞர் எமில் பிஷர், ஸ்பையர் என்பாருடன் சேர்ந்து, வல்லமிலத்தை ஊக்கியாக இட்டுச் சூடேற்றி எசுத்தர்களை ஆக்கும் முறையை வெளியிட்டார். அம்முறை இன்றும் வழக்கில் உண்டு. ஆயினும் வாசனைப் பொருள்கள் பல மென்மையானவை. வெம்மையும் வல்லமிலமும் பட்டால் உருமாறிக் கெட்டுவிடும். இங்கேதான் நொதியம் கைகொடுக்கிறது.

பிளப்பதும் இணைப்பதும்

நாம் உண்ணும் கொழுப்பும் ஒருவகை எசுத்தரே. கணையத்தில் சுரக்கும் இலிப்பேசு என்னும் நொதியம் அதனைப் பிளந்து செரிக்கச் செய்கிறது. நீர் மிகுந்த இடத்தில் பிளக்கும் இந்நொதியமே, நீர் அருகிய இடத்தில் எதிர்த்திசையில் தொழிற்பட்டு இணைக்கவும் செய்யும். திறக்கும் சாவியே பூட்டவும் உதவுகின்றதன்றோ! 1900இல் அமெரிக்க அறிஞர்களான காசில், லோவன்ஹாட் இருவரும் இலிப்பேசைக் கொண்டு அன்னாசி மணமுள்ள எசுத்தர் ஒன்றை ஆக்கி இதனை மெய்ப்பித்தனர். நீர் மிகக் குறைந்த கரைப்பானில் 100 பாகை வெப்பத்திலும் இலிப்பேசு தொழிற்படும் என்பதை 1984இல் சாக்ஸ், கிளிபனோவ் ஆகியோர் காட்டினர்.

இன்று பெரிதும் பயன்படும் இலிப்பேசு, அந்தார்ட்டிக்காவின் வண்டா ஏரியில் முதன்முதல் கண்டெடுத்த மதுவத்திலிருந்து வந்தது. அதனைச் சிறு மணிகளின்மேல் பதித்து எண்ணெயில் இடுவர்; வேலை முடிந்ததும் வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவர். தென்னிலங்கைச் சிற்றனெல்லாப் புல்லின் எண்ணெயிலுள்ள ஜெரானியோல் இவ்வாறு எளிதில் எசுத்தராகும். யூஜினோல் அத்துணை எளிதில் இணங்குவதில்லை. எனவே பிரேசில் நாட்டு ஆய்வாளர், வினைத்திறன் மிக்க அசற்றிக் நீரிலியைச் சேர்த்து, கராம்பெண்ணெயிலிருந்தே யூஜினைல் அசற்றேற்றை ஆக்கியுள்ளனர்.

இதனால் வரும் பயன்

இயற்கைப் பொருளை நொதியத்தால் மாற்றிப் பெறும் சுவைமணத்தை, உரிய விதிகளுக்கு அமைய, 'இயற்கையானது' என விற்க ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் சேர்க்கும் அமிலமும் இயற்கை வழியில் வந்ததாதல் வேண்டும். பெற்றோலியத்திலிருந்து பெற்றதைச் சேர்த்துவிட்டு அப்பெயரைச் சூட்டுதல் பொருந்தாது. நொதியத்தின் விலையும் சிறிதன்று.

எனினும் கராம்பை உலர்த்தி விற்பவர் பெறுவது மூலப்பொருளின் விலையே. அதனை நறுஞ்சேர்வையாக்கும் அறிவு எந்நாட்டில் உள்ளதோ, மிகுதி ஊதியம் அந்நாட்டையே சேரும். மரத்தடியில் உதிரும் இலைகூட யூஜினோல் நிறைந்த எண்ணெய் தருவதை எண்ணுங்கால், நம் தோட்டங்களில் எவ்வளவு செல்வம் சருகாகக் கிடக்கிறது என்பது புலனாகும்.

கண்டியைச் சுற்றி இதற்கு வேண்டிய கல்விக்குக் குறைவில்லை. 1821இல் அமைந்த பேராதனைப் பூங்கா, பல்கலைக்கழகம், கெட்டம்பையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம், மாத்தளையில் அதன் ஆய்வு நிலையம் ஆகியன அருகருகே உள்ளன. இரசாயனம் பயிலும் மாணவர்கள் எசுத்தர்ப் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் உரியதென எண்ணாது, தம் வீட்டுக் கராம்பு மரத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்களாக.