தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பிளசர்

சாத்தூர் சாலையை விட்டு உள்ளே இறங்கினால், மூடிக் கிடக்கும் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ். அதன் பின்கட்டில் இருந்த தகர ஷெட்டின் கதவைத் தள்ள மூன்று பேர் வேண்டியிருந்தது. கதவுக்கு முன்னால் வேலிக்கருவை ஆளுயரம் வளர்ந்திருந்தது. உள்ளே அச்சுப் பிசகிய காலண்டர் தாள் கட்டுகளும் சாக்குகளும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தார்ப்பாய். அதன் முனையை எங்களோடு வந்த மெக்கானிக் மேஸ்திரி தூக்கியதும் குளவிக்கூடு அப்பிய ஹெட்லைட் ஒன்று தெரிந்தது.

“ஹெரால்டு. நாலு கதவு” என்றார் மேஸ்திரி. கோயிலுக்குள் பேசுகிற குரல்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காரை ‘பிளசர்’ என்பார்கள். ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப் போகும் பஸ், ‘சர்வீஸ் வண்டி’. சொந்தமாக வைத்துக்கொள்வது பிளசர். வாசலில் ஒரு பிளசர் இருந்தாலே அது பெரிய வீடு என்று அர்த்தம். அப்படி வந்த வண்டிகளில் எத்தனையோ இன்னும் ஷெட்டுகளில் நிற்கின்றன என்ற நம்பிக்கைதான், ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்களை இந்தக் கரிசல் காட்டுக்கு இழுத்துவருகிறது.

அந்த நம்பிக்கைக்கு உலகமெங்கும் தீனி போட்ட சம்பவம் ஒன்று உண்டு. பிரான்சின் மேற்கே ஒரு பண்ணையில் 2014ல் அறுபது பழைய கார்கள் வெளிப்பட்டன. லாரிப் போக்குவரத்துத் தொழில் செய்த ரோஜர் பையோன் என்பவர் அருங்காட்சியகம் கட்டும் கனவில் வாங்கிச் சேர்த்தவை. தொழில் நொடித்தது, கனவு நின்றது. கார்கள் மட்டும் தகரக் கூரைகளின் கீழ் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கிடந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலன் டெலோன் ஒரு காலத்தில் ஓட்டிய வண்டி. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் விட்டபோது அது மட்டும் 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. அன்றைய கணக்கில் நூறு கோடி ரூபாய்க்கும் மேல்.

தொகையை எல்லோரும் பேசினார்கள். என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. ஏலக்காரர்கள் அந்த வண்டிகளைக் கழுவவில்லை. கிடந்த கோலத்திலேயே, தூசியும் துருவுமாகக் காட்சிக்கு வைத்தார்கள். தூசியைத் துடைத்தால் வண்டியின் சாட்சியும் கூடவே போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர் ஷெட்டில் ஃபெராரி கிடைக்காது. கிடைப்பது ஆஸ்டின், லேண்ட்மாஸ்டர், அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ரகுநந்தன் சரண் 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான் முதலில் பூட்டி இறக்கியது. லாரியும் அசோக் லேலண்ட் என்ற பெயரும் அப்புறம் வந்தவை. ஹெரால்டு நம் பெருங்களத்தூர்ப் பிள்ளை. இத்தாலியின் மிக்கெலாட்டி வரைந்து, இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் 1959ல் வந்த வண்டியை, ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961லிருந்து சென்னைக்கு வெளியே செய்தது. இங்கிலாந்தில்கூட இல்லாத நாலு கதவு ஹெரால்டை உண்டாக்கியது இந்தியாதான். பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுவதும் முதலை வாய் போல முன்னால் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்து டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் அந்தப் பெயர் நின்றது. பிறகு கேசல், பிறகு 1985ல் ஸ்டாண்டர்ட் 2000, சில ஆண்டுகளிலேயே ஆலையும் அடங்கிப்போனது.

இப்படிப்பட்ட வண்டிகள் இந்தப் பக்கம் ஏன் ஷெட்டில் தங்கின? பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் பருப்பும் வத்தலும் தந்த பணத்தில் வாங்கியவை. பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எடுத்த வண்டி, முதல் ஓட்டமே மாரியம்மன் கோயிலுக்குத்தான். அது வந்த வருசம் கிட்டங்கி ஒன்று கூடியிருந்தால் ‘ராசியான வண்டி’. 1983க்குப் பிறகு மாருதி வந்து வாசலில் நின்றது. ராசியான வண்டியை விற்க யாருக்கும் மனசு வரவில்லை. ஷெட்டுக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டார்கள்.

இன்னொரு காரணத்தை ஹெரால்டுக்குச் சொந்தக்காரர் சொன்னார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “பாகம் பிரிச்சப்போ ஷெட்டு பெரியப்பா பங்குக்குப் போச்சு, வண்டி எங்க பங்குக்கு வந்துச்சு. ஷெட்டைத் திறக்க அவங்க வரணும், வண்டியை எடுக்க நாங்க போகணும். அப்படியே முப்பது வருசம் ஓடிப்போச்சு.”

தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்குத் தோதான வறண்ட காற்றுதான் தகரத்தையும் காப்பாற்றுகிறது. தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்றிருந்தால் கதவின் அடி விளிம்பே மிஞ்சியிருக்காது. ஆனால் மேலே காய்கிற வண்டி கீழே நனையும் என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரிசல் மண் லேசில் விடாது. மண்தரையில் நின்ற வண்டிக்குக் கூரை பளபளப்பாக இருந்தாலும் சேஸிஸ் அரித்திருக்கும். வாங்க வருகிறவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். மேஸ்திரி சாக்கை விரித்து முதலில் அடியில் படுத்தார்.

எங்கள் விருதுநகர் என்றதும் நினைவுக்கு வரும் கார் ஒன்று உண்டு. காமராஜர் பயணம் செய்த கறுப்பு செவர்லே, எம்.டி.டி. 2727. தனக்கென்று சொத்துச் சேர்க்காத மனிதரை ஊர் ஊராகச் சுமந்த வண்டி. அவர் 1975 அக்டோபர் 2ல் மறைந்தார். இன்றும் அந்த எண்ணைச் சொன்னால் முகம் மலரும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அதே காலத்து அதே மாடல் செவர்லே எங்கோ ஒரு ஷெட்டில் கிடைக்கலாம், ஆனால் அது அந்த வண்டி ஆகாது. யார் உட்கார்ந்தார், எங்கே போனார் என்று தெரிந்திருப்பதுதான் அதை அந்த வண்டியாக்குகிறது.

அதனால்தான் கண்டெடுத்த மறுநாளே டிங்கரிங் பட்டறைக்கு இழுத்துப்போய், பட்டி பார்த்து, புதுப் பெயின்ட் அடித்து, சீட்டுக்கு வழவழப்பான ரெக்சின் தைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆசையால்தான் செய்கிறார்கள். ஆனால் ஐம்பது வருசம் தானாகத் தப்பித்து வந்ததை ஐந்தே நாளில் அழித்துவிடுகிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012ல் ஏற்ற டுரின் சாசனம், இருப்பதை இருந்தபடி காப்பாற்றுவதை முன்னே வைக்கிறது. என்ன மாற்றினாலும் எழுதிவைக்கச் சொல்கிறது. நம் சட்டமும் அந்தப் பக்கம்தான். 2021 ஜூலையில் வந்த விதியின்படி, ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவம் குலையாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் ‘விஏ’ என்ற தனி அடையாளம். கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது.

பாதுகாத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கோவை அவிநாசி சாலைக்குப் போகலாம். ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015ல் திறந்த கார் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1920ல் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கியவரின் வீட்டில் இயந்திரத்தின் மேல் அவ்வளவு மரியாதை இருப்பதில் ஆச்சரியமில்லை.

பணத்தை எண்ணி வருகிறவர்களுக்கு மேஸ்திரி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்: இந்த ஹெரால்டைச் சீர்செய்ய ஆகும் செலவு, சீர்செய்தபின் கிடைக்கும் விலையைத் தாண்டும். எடைக்குப் போட்டால் முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல். காயலான் கடைக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சொந்தக்காரர் கொடுக்கவில்லை. நாங்கள் முதலில் எதையும் தொடாமல் படம் எடுத்தோம். டேஷ்போர்டு டப்பாவில் ஆர்.சி. புக், செல்லரித்திருந்தாலும் எண் படிக்க முடிந்தது. ஸ்டியரிங் நடுவில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். பின்சீட்டுப் பஞ்சை எலி கூடாக்கியிருந்தது, வயர்களையும் விட்டுவைக்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்ததும் புளித்த வார்னிஷ் வாடை.

“பேட்டரி மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமா மேஸ்திரி?” என்று சொந்தக்காரர் கேட்டார்.

“வேண்டாம் அண்ணாச்சி. ரிங்கு போர்ல ஒட்டியிருக்கும். இழுத்தா ஒடஞ்சிரும்.”

நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஓட்டைகளில் ஊற்றித் துணியால் அடைத்தார். தினமும் காலையில் வந்து கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனார். பதினோராம் நாள் நானும் போயிருந்தேன். முன்புல்லியில் ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்தினார். அசையவில்லை. எதிர்ப்பக்கம் அழுத்தினார். உள்ளே எங்கோ ‘டக்’ என்றது. புல்லி கால் சுற்று நகர்ந்தது.

அவர் ஸ்பேனரை எடுத்துத் தரையில் வைத்தார். “போதும் தம்பி” என்றார். “மீதியை நாளைக்குப் பாப்போம்.”