தாமே கற்கும் தகுதி

நள்ளிரவில் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் நர்ஸுக்கு உபாத்தியாயர் துணையில்லை. நேற்றுவரை கேட்டறியாத மருந்தொன்று கைக்கு வந்தால், அதன் அளவையும் அபாயத்தையும் அவர் தாமே தேடி அறிந்தாக வேண்டும். ஆகவே, நர்ஸ் மாணவர்களிடம் தாமே கற்கும் ஆயத்தம் எவ்வளவு உண்டென்று அளந்து பார்ப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அளக்கும் விதத்தையும், அளந்தபின் செய்வதையும் பற்றியே பேசுகிறோம்.

பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி உண்டு. கிழக்கே போரூரிலும் மேற்கே தண்டலத்திலும் நர்ஸிங் கல்லூரிகள் உண்டு. ஆதலின் இவ்விஷயம் இவ்வட்டாரத்தார்க்குத் தொலைவானதன்று.

2001-ல் ஆஸ்திரேலியாவில் பிஷர், கிங், டேக் என்னும் மூவர் நர்ஸ் மாணவர்களுக்கென்றே ஓர் அளவுகோல் வகுத்தனர். அதில் 40 வாக்கியங்கள். தன்னை நிர்வகித்தல், கற்கும் விருப்பம், சுயக்கட்டுப்பாடு என மூன்று பிரிவுகள். ஒவ்வொரு வாக்கியத்திற்கும் 1 முதல் 5 வரை மாணவரே தமக்கு மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் 150-ஐத் தாண்டினால் ஆயத்தமுடையவர் என்று கொள்வர்.

மாணவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள அபிப்பிராயமே இங்கு அளக்கப்படுகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 4 இட்டவருக்கு 160. அடக்கத்தினால் 3 இட்டவருக்கு 120. இவருள் எவர் புத்தகத்தைத் தேடி எடுப்பவர் என்பதை இக்கணக்கு மட்டும் சொல்லிவிடாது. தமிழ்ப் பள்ளியினின்று வந்த மாணவி ஆங்கில வாக்கியத்தின் முன் தயங்கினால், அத்தயக்கமும் ஆயத்தக் குறைவென்றே எழுதப்பட்டுவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் நெட்டுருப் போட வைத்துவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டில் சுயக்கட்டுப்பாடு எங்கே என்று கேட்பதும் விந்தையே!

இந்திய நர்ஸிங் கவுன்ஸில் 2021-ல் வெளியிட்ட பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் சுயகற்றலுக்கென நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மணிகளை வார்டு வேலையும் வருகைப் பதிவும் விழுங்காமல் காப்பது கல்லூரி நிர்வாகிகளின் கடமை. வார்டிலிருந்து திரும்புகிற வேளையில் புத்தகசாலைக் கதவு பூட்டியிருந்தால் கற்கும் விருப்பத்தை எங்கே கொண்டு வைப்பது?

அளவுகோலைத் தமிழில் பெயர்த்து, பரிசோதித்த பின் வழங்குக. மாணவரைச் சேர்க்கவோ தள்ளவோ அதைக் கருவியாக்கலாகாது. முதலாண்டில் ஒரு முறையும் நான்காமாண்டில் ஒரு முறையும் அதே மாணவர்களை அளக்கட்டும். நான்காண்டில் மதிப்பெண் இறங்கியிருக்குமாயின், விளக்கம் கேட்க வேண்டியது முதலில் கல்லூரியைத்தான்.