ஒரு ஆம்ப்ளிஃபயர்... நாலு ரூம்!

"தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே? ஹால்ல பாடுற பாட்டு கிச்சன், ரெண்டு பெட்ரூம், மாடி ரூம்னு எல்லா இடத்துலயும் கேக்கணும். செஞ்சு குடுத்துடுவியா?"

புது வீடு கட்டிய மாமா இப்படிக் கேட்டதும், 'இதென்ன பிரமாதம்!' என்று கிளம்பிவிட்டேன். ஹாலில் இருந்தது ஐந்து சேனல் சரவுண்டு ஆம்ப்ளிஃபயர். ஹால் ஸ்பீக்கர்களில் கை வைக்காமல், காலியாக இருந்த ஒரு சரவுண்டு சேனலில் நாலு அறை ஸ்பீக்கரையும் பேரலலாகக் கொடுத்தேன்.

போட்டுப் பார்த்தால் கிச்சனில் தாளம் மட்டும் லேசாகக் கேட்கிறது, பாடகரைக் காணோம்! காரணம் எளிது. சரவுண்டு மோடில் குரல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பின்பக்கச் சேனலுக்குப் போவது எதிரொலி, கைதட்டல், மழைச்சத்தம் போன்றவை. எல்லாச் சேனலுக்கும் ஸ்டீரியோ அனுப்பும் மோடுக்கு மாற்றினேன். ஒரே சேனலை எடுத்தால் மறுபாதி இசை வராது என்பதால், செல்போனில் மோனோ ஆடியோ செட்டிங்கையும் போட்டேன். பாட்டு ஜோராக வந்தது. மாமா முகத்தில் சந்தோஷம். சவுண்டைக் கூட்டினேன்.

இருபது நிமிடம்தான். ஒரு தீய்ந்த வாடை. அவ்வளவுதான்!

கடையில் செட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "மொத்தம் எத்தனை ஓம் தம்பி குடுத்தே?" நான் முழித்தேன். சர்க்யூட் பேப்பரில் 88 மார்க் வாங்கியவன் நான்!

நண்பர்களே, ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை எண்ணாது. ஓமை மட்டும்தான் பார்க்கும். கணக்கைப் பாருங்கள். 8 ஓமில் 50 வாட் தரும் சேனலின் அவுட்புட் 20 வோல்ட், கரண்ட் 2.5 ஆம்பியர். நாலு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாகப் போட்டால் மொத்தம் 2 ஓம். அதே 20 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் கேட்கும். நாலு மடங்கு! அவுட்புட் டிரான்சிஸ்டர் என்ன செய்யும் பாவம்?

சரியான வழி சீரிஸ்-பேரலல். இரண்டிரண்டாக சீரிஸில் சேர்த்தால் 16 ஓம் ஜோடி இரண்டு கிடைக்கும். அவற்றைப் பேரலலாக இணைத்தால் மறுபடியும் 8 ஓம்! ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதிகபட்சம் 12.5 வாட். வீட்டு அறைக்கு அதுவே தாராளம். நாலும் ஒரே மாதிரி ஸ்பீக்கராக இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்ரூம் ஸ்பீக்கரை ஆஃப் செய்தால் அதனுடன் சீரிஸில் உள்ள கிச்சனும் ஊமையாகிவிடும். மாடிப்படி லைட்டுக்குப் போடும் டூ-வே சுவிட்சை ஒவ்வொரு அறையிலும் போடுங்கள். ஒரு பக்கம் ஸ்பீக்கர், மறுபக்கம் 8.2 ஓம், 20 வாட் வயர்-வவுண்டு ரெசிஸ்டர். எந்த அறையை நிறுத்தினாலும் மொத்த ஓம் ஏறக்குறைய மாறாது. ரெசிஸ்டர் சூடாகும், பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள்.

"திருவிழாவுல மைக் செட்காரர் ஒரே ஆம்ப்ளிஃபயர்ல அத்தனை குழாய் ஸ்பீக்கர் கட்டுறாரே, அது எப்படி?" என்று கேட்பீர்கள். அது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாயிலும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 25 வாட் குழாய் அந்த லைனுக்கு 400 ஓமாகத் தெரியும். இழுப்பது கால் ஆம்பியர்தான். அதனால்தான் பேரலலாகவே கட்டிக்கொண்டு போகிறார்.

வயரையும் மறக்காதீர்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், 20 மீட்டர் தள்ளியுள்ள அறைக்குப் போக வர 40 மீட்டர், சுமார் 0.7 ஓம். அதைவிட மெல்லிய வயர் போட்டால் பாதி பாட்டு வயரிலேயே தங்கிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நஷ்டம் கூடும். இணைப்பு கொடுக்கும்போது செட்டின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். செட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள்.

ரிப்பேர் செலவை மாமாவே கொடுத்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. அடுத்த ஞாயிறு மீண்டும் போனேன். இந்த முறை ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். இன்றும் அந்த வீட்டில் நாலு ரூமிலும் பாட்டு கேட்கிறது!