கணு இல்லாத துண்டு துளிர்க்காது

மணி பிளான்ட்டில் நல்ல இலையாகப் பார்த்து ஒன்றைக் கிள்ளி வந்து தண்ணீரில் போட்டு வைப்பவர்கள் உண்டு. இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும், சில சமயம் காம்பின் அடியில் வேர்கூட விடும். துளிர் மட்டும் வராது. கிள்ளிய துண்டில் கணு இல்லை என்பதே காரணம்.

கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடமான கணு வளையம்போலச் சற்றுப் புடைத்திருக்கும். அதை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு துருத்தி நிற்கும். அதுதான் காற்று வேரின் தொடக்கம். காம்பின் இடுக்கில் உறங்கும் மொட்டும் அங்கேயே இருக்கிறது. அந்தக் கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே சுத்தமான கத்தியால் வெட்டி, கணு தண்ணீருக்குள் இருக்கும்படி வைத்தால் போதும்.

மற்றதை ஆக்சின் என்ற ஹார்மோன் பார்த்துக்கொள்ளும். நுனியிலும் இளம் இலைகளிலும் உருவாகி, தண்டு வழியாக அது கீழே இறங்குகிறது. வெட்டிய இடத்தில் வழி அடைபட்டுத் தேங்க, அங்குள்ள செல்கள் வேராக மாறத் தொடங்குகின்றன. நுனியில்லாத துண்டாக இருந்தால், மேலிருந்து வரும் ஆக்சின் தடுத்து வைத்திருந்த மொட்டும் விழித்துக்கொள்கிறது. ரோஜா போன்ற செடிகளின் போத்துகளுக்குத் தடவும் வேர்ப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இதே வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்ரிக் அமிலம். மணி பிளான்ட்டுக்கு அது தேவையே இல்லை.

போத்தைத் தலைகீழாக நடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வில்லோ மரக் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார் ஜெர்மன் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபெஷ்டிங். அப்போதும், மரத்தில் இருந்தபோது அடிப்பக்கமாக இருந்த முனையில்தான் வேர் மிகுதியாக வந்தது. 1878இல் இதை அவர் நூலாகவே எழுதினார். எது மேல், எது கீழ் என்ற கணக்கு தண்டின் திசுவிலேயே பதிந்திருக்கிறது.

மணி பிளான்ட்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மொரேயா தீவு. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பெரெலின் ஹார்மோனை உருவாக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக இயங்குவதில்லை என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கண்டறிந்தது. அந்த ஹார்மோனைத் தெளித்ததும் செடி பூத்தது! தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூவும் விதையும் இல்லாத ஒரு செடி, மனிதர்கள் வெட்டிக் கைமாற்றியதாலேயே உலகம் முழுக்கப் படர்ந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் ஊரில் ஒரு கவனம் அவசியம். மணி பிளான்ட் பாட்டில் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரை மாற்ற வேண்டும். முட்டைகள் பாட்டிலின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவுவதும் முக்கியம். புதுத் தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும், தண்டும் அழுகாது.

வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியும், மண்ணிலிருந்து நீரை உறிஞ்சவும் அதற்குப் பழக்கமில்லை. முதல் இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரம், புது இலை விரிந்த பிறகு போதும்.