யப்பானிய விரைவூர்திகள் இரண்டு

எமது கரையோரப் பெருவீதியிலே காலை வேளையில் நின்று நோக்குவோர், விரைந்து செல்லும் வாகனங்களுட் பல யப்பானியப் பெயர் தாங்கியிருத்தலைக் காண்பர். உழைக்கும் வரை ஓட்டிப் பழுதுற்றதும் கழித்துவிடும் பொருள்களாகவே அவற்றை நாம் கருதுகின்றோம். அந்நாட்டிற் பிறந்த பழைய ஊர்திகள் இரண்டினை உலகச் சேகரிப்பாளர் அரும்பொருள்களாகப் போற்றுகின்றனர். ரொயோட்டா 2000 ஜீ.ரீ., மஸ்டா கொஸ்மோ ஸ்போர்ட் என்பனவே அவை. இரண்டும் 1967 மே மாதத்தில் விற்பனைக்கு வந்தன; இரண்டும் இருவர் அமரத்தக்க தாழ்ந்த கூரையுடையன. எனினும் அவற்றின் இயல்பு வேறு.

முன்னையது தெரிந்த கலையின் முதிர்ச்சியாகும். ரொயோட்டாவும் யமஹாவும் கூடி ஆக்கிய அதன் எஞ்சின், ஒரே வரிசையில் அமைந்த ஆறு சிலிண்டர்களையும் 150 குதிரைவலுவையும் உடையது. இசைக்கருவி செய்வதில் வல்லுநரான யமஹாவினரே அதன் முன்பலகைக்கு மரவேலையும் செய்தனர். 1966 இல் 78 மணி நேரம் இடைவிடாது நடைபெற்ற சோதனை ஓட்டத்தில் அது மூன்று உலகச் சாதனைகளை நிறுவியது. ஏறத்தாழ 350 ஊர்திகளே செய்யப்பட்டன.

பின்னையது தெரியாத கலையிற் காட்டிய துணிவாகும். ஜெர்மனியரான பீலிக்ஸ் வான்கெல் கண்ட சுழல் எஞ்சினை அது கொண்டது. அதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை. நிலக்கடலைக் கோது போன்ற அறையினுள் முக்கோண உருளி சுழன்று, காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுத்து, அமுக்கி, எரித்து, புகையை வெளியேற்றும். உருளியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புத் தகடுகள் சுவரைக் கீறியமையே பெருந்தடையாயிற்று. அக்கீறல்களைப் ‘பேயின் நகக்குறி’ என்றனர். கெனிச்சி யமமொட்டோ தலைமையிலே ஹிரோஷிமாவில் உழைத்த பொறியியலாளர், கரியையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த தகட்டினால் அக்குறையை நீக்கினர். 982 கனசென்ரிமீற்றர் கொள்ளளவே உடைய அவ்வெஞ்சின் 110 குதிரைவலுவைத் தந்தது. 1968 இல் ஜெர்மனியில் நிகழ்ந்த 84 மணி நேர ஓட்டத்திற் பங்குபற்றிய இரு கொஸ்மோக்களுள் ஒன்று இறுதிக் கட்டத்தில் முறிவுற்று நிற்க, மற்றையது நான்காமிடம் பெற்றது. 1972 வரை 1,176 ஊர்திகள் வெளிவந்தன.

இவற்றுள் எது சிறந்தது? விலையை நோக்கின் ரொயோட்டாவே முந்தும். 2013 இல் ஒன்று பத்து இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. கொஸ்மோ அதனிலும் மிகக் குறைந்த விலைக்கே கைமாறுகின்றது. ஆயின், ஒரு நிறுவனத்தாரின் விடாமுயற்சியைக் கண்முன் நிறுத்துவது கொஸ்மோவே என்பது எமது துணிபு. எதனை நாடினும் கவனிக்க வேண்டியவை மூன்று: ஊர்தியோடு பிறந்த எஞ்சின் மாற்றப்படாதிருத்தல், உடற்றகடு துருவேறாதிருத்தல், பழைய பதிவேடுகள் பேணப்பட்டிருத்தல்.

இம்மூன்றும் எமக்கும் பாடமாகும். உப்புக் காற்று வீசும் கல்முனைக் கரையிலே துரு விரைவில் இரும்பைத் தின்னும். பழைய எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதும் எமக்கு வழக்கமே. தந்தையார் ஓட்டிய பழைய மோட்டார் வண்டி வீட்டுக் கொட்டிலிலே கிடக்கப் பெற்ற பழைய மாணவர், அதனை இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை அதன் தூசியைத் துடைத்துப் பார்ப்பாராக. அரும்பொருள் அன்றெனினும், அதனை ஆக்கியோரின் உழைப்பும் காத்தோரின் அன்பும் அங்கே தெரியும்.